தடம் புரண்டதைத் தூக்கி நிறுத்திய கைகள்

இருப்புப் பாதையின் வரலாறு என்றதும் நம் நினைவுக்கு வருபவை திறப்பு விழாக்களே. எந்த ஆண்டில் யார் கொடியசைத்தார், எத்தனை மைல் பாதைக்கு எவ்வளவு பணம் செலவாயிற்று என்பனவற்றை ஏடுகள் தவறாமல் குறித்து வைத்திருக்கின்றன. ஆனால், ஓடிய வண்டி தடம் புரண்ட நாளில் நடந்தது என்ன? அதனை மீண்டும் தண்டவாளத்தில் ஏற்றி வைத்தவர்கள் யார்? இவ்வினாக்களுக்கு அவ்வேடுகள் பெரும்பாலும் விடை தருவதில்லை. காட்டு மரம் சுமந்த வண்டிகளைப் பொறுத்தவரை, இவ்விரு வினாக்களின் விடையே அவற்றின் உண்மையான வரலாறு எனலாம்.

கேமரன் மலையில் வாழும் நமக்கு மலை இரயில் என்பது கண்டறியாத ஒன்று. தெலுக் ஆன்சனிலிருந்து தாப்பா ரோடு வரையிலான பாதை 1893-ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. எனினும் இரயில் அடிவாரத்து நாட்டிலேயே நின்றுவிட்டது, மலைமேல் ஏறவில்லை. 1885-இல் வில்லியம் கேமரன் இம்மேட்டு நிலத்தை அளந்து சென்ற பின்னர் நாற்பது ஆண்டுகள் காடு காடாகவே கிடந்தது. 1926-இல் தாப்பாவிலிருந்து சாலை வெட்டும் பணி தொடங்கியது. 1929-இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தை நிறுவினார். ஒரே ஒரு நீராவி உருளை எந்திரமும், கோவேறு கழுதைகளும், தொழிலாளரின் கைகளுமே காட்டுச் சரிவைத் தேயிலைச் சரிவாக மாற்றின. அதற்குள் மோட்டார் லாரி வந்துவிட்டது. ஆகவே தண்டவாளத்திற்குத் தேவை எழவில்லை.

ஒரு தலைமுறை முன்னதாக மலைகளைத் திறந்தவர்களுக்கு இவ்வசதி இல்லை. அவர்கள் நம்பியது தண்டவாளத்தையே. அதனைக் காண நாம் கடல் கடந்து, கொங்கு நாட்டின் தெற்கெல்லையில் நிற்கும் ஆனைமலைக்குச் செல்ல வேண்டும். அம்மலையின் மேற்குப் பகுதி அன்று கொச்சி சமஸ்தானத்திற்கு உரியது. தேக்கும் ஈட்டியும் நிறைந்த பரம்பிக்குளம் காடுகள் அங்கே இருந்தன. விலை மதிக்க முடியாத மரம் அது. ஆனால் வெளியே கொண்டு வர வழியில்லை. ஆனைமலையில் இன்றும் 'டாப்சிலிப்' என்று வழங்கும் ஊர்ப்பெயர், வெட்டிய மரங்களை உச்சியிலிருந்து சரிவில் உருட்டி விட்ட பழைய முறைக்குச் சான்றாக நிற்கிறது.

1895 முதல் 1914 வரை கொச்சியை ஆண்ட மன்னர் இராமவர்மா, இருப்புப் பாதையில் பெருவிருப்பம் கொண்டவர். சொரனூரிலிருந்து எர்ணாகுளம் வரையிலான பாதைக்காக, கோயில் யானைகளின் பொன் நெற்றிப்பட்டங்களை விற்றுப் பணம் திரட்டினார் என்பது கொச்சி வரலாற்றில் பலரும் எடுத்துரைக்கும் செய்தி. அவர் காலத்தில்தான் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காட்டுக்குள் ஏறக்குறைய 80 கிலோமீட்டர் நீளமுள்ள காட்டு டிராம் பாதையும் அமைந்தது. 1907 முதல் 1963 வரை அது இயங்கியது. பெர்லின் நகரத்து நிறுவனமொன்றின் நீராவி எஞ்சின்கள் அதில் ஓடின. எஞ்சின் ஏற முடியாத செங்குத்தான இடங்களில் இறங்கும் பாரமே ஏறும் வண்டியை இழுத்தது. மரம் ஏற்றிய வண்டி கீழே இறங்க, இரும்பு வடத்தின் மறுமுனையில் கட்டிய வெறும் வண்டி மேலே ஏறும். பிரேக்கைப் பிடித்தவனின் கவனத்தில் இருபுறத்து உயிர்களும் தொங்கின.

இத்தகைய பாதை தடம் புரளாமல் இருந்திருந்தால்தான் வியப்பு. காட்டுப் பாதைகளைச் செலவு சுருக்கியே போடுவார்கள். வளைவுகள் குறுகியவை, மண் அணைகள் இளகியவை. தென்மேற்குப் பருவமழை இறங்கினால் கட்டைகளின் கீழிருந்த மண் கரையும். ஈரத்தில் கிடந்த கட்டை உளுத்துப்போனால், அதில் அறைந்த ஆணி பிடியை விடும். ஆணி நெகிழ்ந்தால் இரு தண்டவாளங்களுக்கும் இடையே உள்ள அகலம் கூடும். சக்கரம் உள்ளே விழுவதற்கு விரற்கடை அளவு போதும். இவற்றுக்கெல்லாம் மேலாகச் சுமையின் இயல்பு ஒன்று உண்டு. பச்சை மரம் ஒரு கன மீட்டர் ஏறக்குறைய ஒரு டன் கனக்கும். நீண்ட அடிமரங்களை உயர அடுக்கிச் சங்கிலியால் கட்டிய வண்டி, வளைவில் வெளிப்புறமாகச் சாயத் துடிக்கும்.

வண்டி விழுந்த பின்னர் செய்யப்படும் பணி, உலகெங்கும் சிறு பாதைகளில் ஏறக்குறைய ஒன்றேதான். முதலில் நிற்கும் வண்டிகளின் சக்கரங்களுக்குக் கட்டை கொடுப்பார்கள். அதன் பின்னரே கொக்கிகளைக் கழற்றுவார்கள். இந்த ஒழுங்கு மாறினால் சரிவில் நிற்கும் வண்டிகள் தாமாகவே உருளத் தொடங்கும். அடுத்தது சுமையிறக்கம். உயிரைக் கேட்கும் வேலை இதுவே. சாய்ந்த வண்டியில் இறுகிக் கிடக்கும் சங்கிலியை அவிழ்ப்பவன், மரம் எந்தப் பக்கம் உருளும் என்பதை முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். யானை கிடைத்த காடுகளில் மரத்தை விலக்க யானை உதவியது. கிடைக்காத இடங்களில் தோளும் கயிறுமே துணை.

பின்னர் திருகு ஜாக்கி வரும். சேற்றில் ஜாக்கியை வைத்தால் வண்டி எழாது, ஜாக்கிதான் புதையும். ஆகவே பழைய கட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாக அடுக்கி அடித்தளம் அமைப்பார்கள். ஒரு விரல் உயர்ந்ததும் கீழே ஒரு பலகை. மீண்டும் ஒரு விரல். மீண்டும் ஒரு பலகை. ஜாக்கி நழுவினாலும் வண்டி பலகையின் மேலே நிற்க வேண்டும். மனிதனின் மேலே விழக்கூடாது. சக்கரத்தின் விளிம்பு தண்டவாளத்திற்கு மேலே எழுந்தவுடன், பத்துப் பேர் கடப்பாரையைக் கொடுத்து ஒரே குரலில் மூச்சுப் பிடித்து நெம்புவார்கள். சக்கரம் தண்டவாளத்தில் அமரும் ஓசை கேட்டதும் வேலை முடிந்ததாகக் காண்பவர் நினைக்கலாம். உண்மையில் அதன் பின்னர்தான் உளுத்த கட்டையை மாற்றி, அகலத்தை அளந்து, மண்ணை இறுக்கிப் பாதையைச் செப்பனிட வேண்டும். அதைச் செய்யாவிடில் அடுத்த வண்டியும் அதே இடத்தில் விழும்.

ஆனைமலைக்குத் தெற்கே மூணாற்றிலும் இதே காலத்தில் தேயிலைக்காக ஒரு பாதை உருவாயிற்று. 1902-இல் குண்டலைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளம் போட்டு, காளைகளைப் பூட்டி வண்டி இழுத்தனர். 1908-இல் அது இரண்டடி அகலச் சிறு இருப்புப் பாதையாயிற்று. மூணாற்றுத் தேயிலை டாப் ஸ்டேஷன் வரை அதில் சென்று, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கிப் போடிநாயக்கனூர்ப் பக்கத்துக் கொட்டகுடிக்கு இறங்கியது. 1924 ஜூலையில் பெய்த பெருமழை அப்பாதையை அடித்துச் சென்றது. விழுந்த வண்டியைத் தூக்கி நிறுத்தலாம். மலையே சரிந்தபோது தூக்கி நிறுத்தப் பாதை இல்லாமற் போயிற்று. அங்கே இரயில் மீண்டும் ஓடவில்லை.

மலாயாத் தமிழர்களோ தண்டவாள வேலையை மிகக் கொடிய பள்ளியில் கற்க நேர்ந்தது. 1942, 1943-ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாமுக்கும் பர்மாவுக்கும் இடையே 415 கிலோமீட்டர் பாதை அமைத்தபோது, நம் தோட்டங்களிலிருந்து பல்லாயிரவர் கொண்டு செல்லப்பட்டனர். பகாங் வழியே செல்லும் கிழக்குக் கரைப் பாதையிலிருந்து பெயர்த்த தண்டவாளங்களும் அங்கே போய்ச் சேர்ந்தன. பச்சை மரக் கட்டைகளின் மேல் அவசரமாகப் போடப்பட்ட அப்பாதையிலும் வண்டிகள் தடம் புரண்டன. அவற்றைத் தூக்கியவர்கள் நோயும் பசியும் தின்ற உடல்களோடு தூக்கினார்கள். திரும்பி வராதவர்களில் மிகப் பலருக்குக் கல்லறையும் இல்லை, பெயர்ப்பலகையும் இல்லை.

பரம்பிக்குளத்துக் காட்டு டிராம் 1963-இல் நின்றது. வருவாயைவிடச் செலவு மிகுந்தது, சாலைகளும் வந்துவிட்டன. எஞ்சியவை பழைய இரும்பாக விலைபோயின. அந்தப் பாதை காட்டைக் கரைத்தது என்பதையும் நாம் மறைக்க வேண்டியதில்லை. வண்டியை ஏற்றி வைத்த ஒவ்வொரு முறையும் மேலும் பல மரங்கள் மலையிறங்கின. மரத்தின் இலாபம் அரசுக்கும் வணிகருக்கும் போயிற்று. வெறுமையான காட்டின் துன்பம் அங்கு வாழ்ந்த காடர், மலசர் முதலான மலைவாழ் மக்களுக்கு எஞ்சியது. இன்று அப்பகுதி புலிகள் காப்பகம்.

பொன் நெற்றிப்பட்டத்தை விற்ற மன்னரை வரலாறு நினைவில் வைத்திருக்கிறது. எஞ்சினை வார்த்த ஊரின் பெயரும் நிலைத்துவிட்டது. மழையில் நின்று பலகை அடுக்கியவனின் பெயர் எங்கும் இல்லை. ஐம்பத்தாறு ஆண்டுகள் அப்பாதை ஓடியது என்றால், விழுந்த போதெல்லாம் அதனைத் தூக்கி நிறுத்தியவர்கள் இருந்தார்கள் என்பதே அதன் பொருள். நம் தோட்டப்புறங்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் துரைமாரின் பெயர்களையும் திறப்பு விழா நாள்களையும் தொகுப்பதோடு நின்றுவிடலாகாது. சாலை சரிந்த அன்று மண்ணை அள்ளியவர் யார், லாரி பள்ளத்தில் இறங்கிய அன்று கயிறு பிடித்தவர் யார் என்று முதியோரிடம் கேட்டு, அவர்கள் நம்மோடு இருக்கும்போதே எழுதி வைக்க வேண்டும். நாளை கேட்கலாம் என்றால், விடை சொல்ல ஆள் இருக்கமாட்டார்கள்.