பெட்டியோட வந்த லினக்ஸ்

நெடுந்தீவில கொம்பியூட்டர் மக்கர் பண்ணினால் படகேறி, குறிகட்டுவானில் இறங்கி, பஸ் பிடித்து யாழ்ப்பாணம் போகவேணும். அதனால, வாங்கேக்கையே உள்ளே என்ன இருக்கு எண்டது எங்களுக்குச் சின்ன விசயமில்லை.

தமிழ்நாட்டில் இதை ஒரு அரசு நிறுவனமே செய்து பார்த்தது. 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். தலைமையிலிருந்த எல்காட் சூசே லினக்ஸுக்கு மாறியது. பள்ளிகளுக்கு வாங்கும் கணினிகளிலும் அதையே கேட்டது. முன்கூட்டியே நிறுவித் தந்தால் டிரைவர் சிக்கல் விற்பவர் தலையில். நாங்களே போட்டால்? வைஃபை டிரைவரை இறக்க வைஃபை வேணும்!

2011இல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் விண்டோஸுக்குப் பக்கத்தில் வந்தது. என்னைக் கேட்டால், அது பின்வாங்கல்தான். இரண்டும் இருந்தால் பிள்ளையள் பழகினதைத்தான் திறப்பினம். எங்கட பக்கமோ அந்தத் தெரிவும் இல்லை; கடையில போட்டுத் தாற களவு விண்டோஸ்தான்.