எக்ஸெட்டர் கல்லறைத் தோட்டத்துக்குப் பேய் வந்த வரலாறு

அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்தில் எக்ஸெட்டர் என்றொரு சிற்றூர். அங்கே செஸ்ட்நட் ஹில் பாப்டிஸ்ட் தேவாலயத்தின் பின்புறமுள்ள கல்லறைத் தோட்டத்தில், மெர்சி லெனா பிரவுன் என்ற பெண்ணின் கல்லறைக் கல் மட்டும் இரும்புப் பட்டையால் இறுக்கப்பட்டிருக்கிறது. பேய்க்குப் பயந்து அல்ல. 1996இல் அந்தக் கல்லையே திருடிப் போனார்கள். கல் திரும்பக் கிடைத்ததும் பட்டை போட்டார்கள். பேய் நடமாடும் இடம் என்று இன்று ஊரறிந்த இந்தத் தோட்டத்தில், 1892இல் பேயைப் பார்த்ததாக எவரும் சொன்னதாகப் பதிவில்லை. அப்படியானால் பேய் எப்போது வந்தது?

நடந்தது இது. ஜார்ஜ் பிரவுன் என்ற விவசாயியின் மனைவி மேரி எலைசா 1883 டிசம்பரில் காசநோயால் இறந்தார். அடுத்த ஆண்டே மூத்த மகள் மேரி ஆலிவும் போனாள். சில ஆண்டுகள் கழித்து மகன் எட்வினைப் பிடித்தது அதே நோய். மலைக்காற்று குணப்படுத்தும் என்று கொலராடோ ஸ்பிரிங்ஸ் வரை போய்த் தேறாமல் திரும்பினான். இதற்கிடையில் 1892 ஜனவரி 17 அன்று 19 வயது மெர்சி இறந்தாள். இறந்தவர்களில் யாரோ ஒருவர் உயிரோடிருக்கும் எட்வினை உறிஞ்சுகிறார் என்று அக்கம்பக்கத்தார் முடிவு கட்டினார்கள். ஜார்ஜுக்கு அதில் நம்பிக்கை இல்லை, வற்புறுத்தலுக்கு இணங்கினார்.

மார்ச் 17 அன்று மருத்துவர் ஹெரால்டு மெட்காஃப் முன்னிலையில் மூன்று உடல்களையும் பார்த்தார்கள். தாயும் மூத்த மகளும் எலும்பாகியிருந்தனர். மெர்சியின் உடல் கெடவில்லை. இதயத்திலும் ஈரலிலும் இரத்தம் இருந்தது. கடுங்குளிரில், தரைக்கு மேலிருந்த கல்லறையில் இரண்டே மாதம் கிடந்த உடல் வேறெப்படி இருக்கும்? இதில் விசித்திரம் ஏதுமில்லை என்றும் நுரையீரலில் காசநோயின் அடையாளம் தெரிகிறது என்றும் மருத்துவரே சொன்னார். கேட்பாரில்லை. இதயத்தையும் ஈரலையும் ஒரு பாறைமேல் எரித்துச் சாம்பலை மருந்தில் கலந்து எட்வினுக்குக் குடிக்கக் கொடுத்தார்கள். மே 2 அன்று அவனும் இறந்தான்.

இதை மூடத்தனம் என்று ஒரே சொல்லில் ஒதுக்குபவர்களோடு நான் ஒத்துப்போகவில்லை. காசநோய்க் கிருமியை ராபர்ட் கோச் அறிவித்தது 1882இல். கிருமி தெரிந்ததே தவிர மருந்து இல்லை; ஸ்ட்ரெப்டோமைசின் வர இன்னும் அறுபது ஆண்டுகள் ஆயின. ஒரே கூரையின்கீழ் மூச்சுவழித் தொற்றி, ஆண்டுக்கணக்கில் உள்ளே பதுங்கியிருந்து, ஒருவர் போனபின் மற்றவரைச் சாய்க்கும் நோய் அது. செத்தவர் உயிரோடிருப்பவரைக் கூப்பிட்டுக்கொள்கிறார் என்று தோன்றியது இந்த வரிசையால்தான். அவர்கள் செய்தது பேயோட்டுதல் அல்ல, கைவிடப்பட்டவர்களின் கடைசி வைத்தியம். எக்ஸெட்டர் மட்டுமல்ல: நாட்டாரியல் ஆய்வாளர் மைக்கேல் பெல் இத்தகைய தோண்டல்களை ஏறத்தாழ 80 திரட்டியிருக்கிறார். 1793இலேயே வெர்மான்ட்டின் மான்செஸ்டரில் ஒன்று நடந்தது.

பேய் அந்தக் கிராமத்துக்கு வெளியிலிருந்து வந்தது. பிராவிடன்ஸ் நாளிதழ்கள் செய்தியை வெளியிட்டு ஊர்க்காரர்களை ஏளனம் செய்தன. 1896இல் மானிடவியலாளர் ஜார்ஜ் ஸ்டெட்சன் ரோட் ஐலண்டின் 'இரத்தக்காட்டேரி' நம்பிக்கையைப் பற்றிக் கட்டுரை எழுதினார். நியூ இங்கிலாந்தின் இவ்வழக்கம் பற்றி அதே ஆண்டு வந்த ஒரு நியூயார்க் நாளிதழ்ச் செய்தியின் நறுக்கு பிராம் ஸ்டோக்கரின் தாள்களில் இருந்தது. இதை வைத்து 'டிராகுலா'வுக்கு மெர்சிதான் மூலம் என்று சொல்வோர் உண்டு. ஸ்டோக்கரின் குறிப்புகள் 1890லேயே தொடங்கிவிட்டன. அப்போது மெர்சி உயிரோடிருந்தாள்.

பேய்க்கதையின் அடுத்த கட்டம் இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதி. இதில் பலியானவள் மெர்சிகூட அல்ல. 102ஆம் எண் சாலையோரம் 19 வயதில் இறந்த இரத்தக்காட்டேரி ஒருத்தி புதைந்திருக்கிறாள் என்று, பெயர் சொல்லாமல் ஓர் ஆசிரியர் மாணவர்களிடம் சொன்னதாகவும், அவர்கள் தேடிப்போய் வேறொருத்தியைக் கண்டுபிடித்ததாகவும் பெல் விளக்குகிறார். அவள் வெஸ்ட் கிரீனிச்சின் நெல்லி வான். 1889இல் 19 வயதில் இறந்தவள். உங்களுக்காகக் காத்திருக்கிறேன் என்ற பொருளில் அவள் கல்லில் ஒரு வரி. கிறிஸ்தவக் கல்லறைகளில் மிகச் சாதாரணமான வாசகம்தான். அது போதுமானதாயிற்று. கல்லைச் செதில் செதிலாகப் பெயர்த்தெடுத்தார்கள். கடைசியில் கல்லையே அகற்ற வேண்டியதாயிற்று. யாரும் தோண்டாத, யாரும் எரிக்காத ஒரு பெண்ணுக்கு வாய்த்த கதி இது. மெர்சியின் கல்லறையிலோ வருபவர்கள் பிளாஸ்டிக் கோரைப்பற்களையும் இருமல் மிட்டாயையும் வைத்துவிட்டுப் போகிறார்கள். இருமல் மிட்டாய் வைத்தவருக்கு வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்கிறது!

ஒப்பிட்டுப் பார்க்க அண்டை மாநிலமான கனெக்டிகட்டின் கிரிஸ்வோல்டு உதவும். அங்கும் இதேபோன்ற தோண்டல் ஒன்று நடந்தது. ஆனால் எந்தப் பத்திரிகையின் ஏளனமும் அதைத் தொட்டதாகத் தெரியவில்லை. அடையாளக் கற்கள்கூட இல்லாமல் அந்த இடுகாடே மறந்துபோயிற்று. 1990இல் சரளைக்கல் குழியில் விளையாடிய சிறுவர்கள் காலில் மண்டையோடுகள் தட்டுப்பட்டன. ஒரு சவப்பெட்டியில் பித்தளை ஆணிகளால் 'ஜேபி 55' என்று பதித்திருந்தது. உள்ளே விலா எலும்புகளில் காசநோய்த் தழும்பு. மண்டையோடும் தொடை எலும்புகளும் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கப்பட்டிருந்தன. திறந்தபோது எரிக்க இதயம் எஞ்சியிருக்கவில்லை போலும், அதனால் எலும்பைக் கலைத்திருக்கிறார்கள் என்பது ஆய்வாளர்களின் ஊகம். 2019இல் மரபணு ஆய்வும் 1826ஆம் ஆண்டின் ஒரு மரண அறிவிப்பும் சேர்ந்து, அந்தப் பெட்டியில் கிடந்தவர் ஜான் பார்பராக இருக்கக்கூடும் என்று காட்டின.