ஆப்பிள் தீவின் கப்பல் காலம்

டாஸ்மேனியாவின் ஆப்பிள் ஏற்றுமதி எப்படி அழிந்தது என்று அந்த ஊர்க்காரர்களைக் கேட்டால் பெரும்பாலும் ஒரே தேதியைச் சொல்வார்கள்: 1973 ஜனவரி 1. பிரிட்டன் ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்த நாள். தலைமுறை தலைமுறையாக லண்டனுக்குப் பழம் அனுப்பிவந்த தீவுக்கு அன்றோடு கதவு சாத்தப்பட்டது என்பார்கள். தேதி சரிதான். ஆனால் பழம் ஏற்றும் குளிர்பதனக் கப்பல்களில் எஞ்சினியராக உழைத்து ஓய்வு பெற்ற எனக்கு அந்த ஒற்றைத் தேதி போதவில்லை. அந்த வணிகத்தின் நோய் வெகுகாலம் முன்பே தொடங்கிவிட்டது. அதைப் பார்க்கக் கப்பலின் சரக்கறைக்குள் இறங்க வேண்டும். பிறகு லண்டனிலிருந்து வந்த கணக்குச் சீட்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

தீவில் முதன்முதலில் ஆப்பிள் கன்று நட்டது 1788ல். 'பவுண்ட்டி' கப்பலின் கேப்டன் வில்லியம் பிளை தண்ணீர் பிடிக்க புரூனி தீவின் அட்வென்ச்சர் விரிகுடாவில் ஒதுங்கியபோது மூன்று கன்றுகள் நடப்பட்டன. 1792ல் அவர் மறுபடி வந்தபோது ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. வணிகத்துக்கும் அந்த மரத்துக்கும் சம்பந்தமில்லை. வணிகம் வளர்ந்தது ஹோபார்ட்டுக்குத் தெற்கே ஹியூவான் ஆற்றுப் பள்ளத்தாக்கில். ஃபிராங்க்ளின், சிக்னெட், ஜீவ்ஸ்டன், ஹியூவான்வில் என்று ஆற்றோரமாக ஊர்கள். மிக உயர்ந்த யூகலிப்டஸ் காடுகளை வெட்டி, எரித்து, அந்தச் சரிவுகளில் தோட்டம் போட்டார்கள். வெட்டிய மரமே அறுபட்டுப் பழப்பெட்டியானது. ஒவ்வொரு தோட்டக்காரரும் ஆற்றங்கரையில் சிறு மரத்துறை கட்டிக்கொண்டு, பெட்டிகளைப் படகில் ஹோபார்ட்டுக்கு அனுப்பினார். பின்னாளில் கடல் கப்பல்கள் போர்ட் ஹியூவானுக்கே நுழைந்து நேராக ஏற்றிக்கொண்டன.

லண்டனுக்கு ஏன் அவ்வளவு தூரத்துப் பழம்? பருவம்தான் காரணம். தென்கோளத்தில் ஆப்பிள் பறிப்பது பிப்ரவரி முதல் மே வரை. இங்கிலாந்துக்காரர்கள் தங்கள் இலையுதிர்காலத்தில் பறித்துப் பரணில் அடுக்கிய பழம் ஏப்ரலுக்குள் சுருங்கித் தீர்ந்துவிடும். அடுத்த விளைச்சலுக்கு இன்னும் மாதங்கள் இருக்கும். சந்தை வெறுமையாகக் கிடந்த அந்த இடைவெளியில்தான் டாஸ்மேனியா நுழைந்தது. தோல் தடித்த, புளிப்பேறிய, நீண்டநாள் தாங்கும் ஸ்டர்மர் பிப்பின் ரகம் அதற்கென்றே அமைந்ததுபோல் இருந்தது. அதன் பூர்வீகம் கிழக்கு இங்கிலாந்து. கன்றாகத் தெற்கே போன ரகம், பழமாக வடக்கே திரும்பியது.

இடைவெளி இருந்தது, பழமும் இருந்தது. நடுவில் ஏறத்தாழ ஆறு வாரக் கடல். அதில் வெப்பமண்டலத்தைக் கடந்தாக வேண்டும். 1880ல் 'ஸ்ட்ராத்லெவன்' ஆஸ்திரேலியாவிலிருந்து உறைந்த இறைச்சியை நல்லபடியாக லண்டனில் இறக்கியது. 1882ல் நியூசிலாந்தின் போர்ட் சால்மர்ஸிலிருந்து கிளம்பிய 'டனடின்' என்ற பாய்மரக் கப்பல் ஆட்டிறைச்சியைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அந்த வழியைப் பார்த்து ஆப்பிளும் 1880களிலேயே கப்பலேறியது. பி அண்ட் ஓ, ஓரியண்ட் கம்பெனிகளின் தபால் கப்பல்கள் பழப் பருவத்தில் ஹோபார்ட் வரை வந்து ஏற்றிக்கொண்டு, கொழும்பு, ஏடன், சூயஸ் வழியாகப் போயின.

இறைச்சியும் ஆப்பிளும் ஒன்றல்ல என்பதை அந்த வணிகம் கற்றுக்கொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. நான் முதன்முதலாகப் பழக் கப்பலில் ஏறியபோது நாகப்பட்டினத்துக்காரர் ஒருவர் இரண்டாம் எஞ்சினியராக இருந்தார். சரக்கறை வெப்பநிலையைக் குறித்துவிட்டு வந்த என்னிடம், "தம்பி, கறியா இருந்தா கதவைச் சாத்திட்டுப் போய்த் தூங்கலாம். அது செத்த சரக்கு. இது உசிரோட இருக்கு. மூச்சு விடுது. காத்தையும் பாத்தியா?" என்றார். "பாக்கலை சார்" என்றேன். உடனே திருப்பி அனுப்பினார்.

அவர் சொன்னது அத்தனையும் உண்மை. பறித்த ஆப்பிள் ஆக்சிஜனை இழுத்துக் கரியமில வாயுவை விடுகிறது. கூடவே வெப்பத்தையும் விடுகிறது. ஆகவே குளிர் எந்திரம் வெளி வெயிலோடு மட்டுமல்லாமல் சரக்கோடும் போராடுகிறது. பூமத்திய ரேகைப் பக்கம் கடல்நீரே சூடாக இருக்கும். அந்த நீரைக் கொண்டுதான் எந்திரத்தின் கண்டென்சர் குளிர வேண்டும் என்பதால், குளிர் மிக அதிகமாகத் தேவைப்படும் நாட்களில்தான் எந்திரம் மிகவும் திணறும். வெப்பநிலையை விருப்பத்துக்கு இறக்கவும் முடியாது. பூஜ்யத்துக்குக் கீழே சுமார் 2 பாகையில் ஆப்பிள் உறைந்துவிடும். காக்ஸ் போன்ற ரகத்தை 3 பாகைக்குக் கீழே நெடுநாள் வைத்தாலே உள்ளே குலைந்துபோகும்.

1920களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியப் பழம் லண்டனில் இறங்கியபோது ஒரு விபரீதம் தெரிந்தது. தோல் பளபளப்பாக இருக்கும்; வெட்டினால் நடுச்சதை பழுப்பாக இருக்கும். 'பிரவுன் ஹார்ட்' என்று பெயர் வைத்தார்கள். பூஞ்சை என்றும் தோட்டத்துக் கோளாறு என்றும் தேடினார்கள். கேம்பிரிட்ஜில் ஃபிராங்க் கிட், சிரில் வெஸ்ட் என்ற இரு விஞ்ஞானிகள் 1923ல் காரணத்தை அச்சில் வெளியிட்டார்கள். இறுக மூடிய சரக்கறையில் பழம் தான் விட்ட கரியமில வாயுவிலேயே மூச்சுத்திணறியிருக்கிறது. குளிர் போகாமல் காக்கக் காற்றுவழியை அடைத்துவைத்த கப்பல்களில்தான் இது நடந்தது. அந்த ஆராய்ச்சியின் தொடர்ச்சியாக, காற்றின் அளவைத் திட்டமிட்டு மாற்றினால் பழத்தின் மூச்சை மெதுவாக்கலாம் என்றும் அவர்கள் காட்டினார்கள். 1929ல் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் அந்த முறையில் முதல் வணிகக் கிடங்கு கட்டப்பட்டது.

இந்தக் கண்டுபிடிப்பை நான் எவ்வளவு மதிக்கிறேன் என்று சொல்லத் தேவையில்லை. அதை வைத்துத்தான் எனக்குச் சோறு. ஆனால் அதற்குள்ளேயே டாஸ்மேனியாவுக்கு ஒரு கேடு இருந்தது. இங்கிலாந்துத் தோட்டக்காரர் தன் பழத்தை வசந்தம் தாண்டியும் வைத்திருக்கக் கற்றுக்கொண்டால், தெற்கிலிருந்து வந்த பழம் புகுந்த அந்த இடைவெளி சுருங்கும். ஆண்டுக்கு ஆண்டு அது சுருங்கத்தான் செய்தது.

இனி கணக்குச் சீட்டு. கமிஷன் மண்டிக்குச் சரக்கு அனுப்பிப் பழகிய நம் விவசாயிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஹியூவான் தோட்டக்காரர் பழத்தை விற்று அனுப்பவில்லை. விற்கச் சொல்லி அனுப்பினார். பறிப்புக் கூலி, பெட்டி, ஒவ்வொரு பழத்தையும் சுற்றிய மெல்லிய தாள், தரம் பிரித்து வரிசை மாறாமல் அடுக்கிய பெண்களின் கூலி, படகு, கப்பல் வாடகை, காப்பீடு, லண்டன் துறைமுகக் கட்டணம், ஏலக்காரர் கமிஷன் என எல்லாம் அவர் கணக்கில். ஏலத்தில் கிடைத்த விலையில் இத்தனையும் கழிந்து மிச்சம் இருந்தால், மாதங்கள் கழித்து ஒரு காசோலை வரும். ஏற்றிய பழத்துக்கு வாடகை கொடுத்தாக வேண்டும். இறங்கும்போது அழுகியிருந்தாலும் அந்த வாடகை குறைவதில்லை.

மகள் ஹோபார்ட்டில் குடியேறிய பிறகு அந்தப் பள்ளத்தாக்குக்குப் போய்வருகிறேன். ஃபிராங்க்ளின் அருகே ஒரு முதியவர் சொன்னார்: தன் அப்பாவுக்கு ஒரு வருடம் லண்டனிலிருந்து உறை வந்ததாம், பிரித்தால் காசோலைக்குப் பதில் பில். பழம் விற்ற பணம் செலவுக்கே போதவில்லை, பாக்கியைக் கட்டு என்று. அதைச் சொல்லும்போது இத்தனை ஆண்டுக்குப் பிறகும் அவர் குரல் தடித்தது. அந்தப் பக்கத்தில் பல குடும்பங்களில் இப்படி ஓர் உறை இருக்கிறது. பிரவுன் ஹார்ட்டுக்கு யார் பணம் கொடுத்தார்கள் என்று கப்பல் வரலாறுகளில் தேடினால் கிடைக்காது. இந்த உறைகளில்தான் பதில் இருக்கிறது.

இவ்வளவு இருந்தும் ஏன் விடவில்லை? மரம் காத்திருக்காது. நட்ட ஆப்பிள் மரம் நல்ல மகசூலுக்கு வரவே பல வருடம் ஆகும். வந்த பின் பல பத்தாண்டுகள் காய்க்கும். ஒரு வருட நஷ்டத்துக்காக அதை வெட்ட யாருக்கும் மனம் வராது. அரசும் ஊக்கியது. 1932ல் ஒட்டாவாவில் கையெழுத்தான உடன்பாடுகளால் பேரரசுக்குள் விளைந்த ஆப்பிளுக்குப் பிரிட்டனில் சலுகை கிடைத்தது; அந்நியப் பழத்துக்கு வரி. சலுகை கிடைத்ததும் ஒரே சந்தை, பழைய ரகங்கள், பழைய வழி என்று தீவு நிம்மதியாக இருந்துவிட்டது. 1939ல் போர் வந்ததும் கப்பல்கள் எல்லாம் வேறு வேலைக்குப் போயின. அரசே பழத்தை விலைக்கு எடுத்துக்கொண்டும் விற்க வழியில்லாமல், விளைந்ததில் பெரும்பங்கு வீணானது. ஒற்றைச் சந்தையின் ஆபத்து அப்போதே தெரிந்துவிட்டது. போர் முடிந்ததும் எல்லாரும் மறுபடி லண்டனுக்கே அனுப்பினார்கள்.

1967 அந்தப் பள்ளத்தாக்கின் மிகக் கொடிய வருடம். பிப்ரவரி 7 அன்று, பறிப்புத் தொடங்கும் வேளையில், தெற்கு டாஸ்மேனியா பற்றி எரிந்தது. 62 பேர் இறந்தார்கள். தோட்டங்களும் பொதிகூடங்களும் கருகின. ஜூனில் போரால் சூயஸ் மூடப்பட்டது. 1975 வரை திறக்கவில்லை. நவம்பரில் பிரிட்டன் பவுண்டின் மதிப்பை 14.3 சதவீதம் குறைத்தது. ஆஸ்திரேலியா தன் டாலரைக் குறைக்கவில்லை. லண்டனில் அதே விலைக்கு விற்றாலும் தோட்டக்காரர் கைக்கு வரும் பணம் அந்த அளவு சுருங்கியது. தீயைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு இந்தப் பவுண்டைப் பற்றி அங்கே யாரும் பேசுவதில்லை. தொழிலை அதிகம் அரித்தது அதுதான் என்பது என் எண்ணம்.

1969ல் கன்டெய்னர் வந்தது. 'என்கவுண்டர் பே' என்ற கப்பல் அந்த ஆண்டு ஐரோப்பா - ஆஸ்திரேலியா வழியில் ஓடத் தொடங்கியது. அந்தக் கப்பல்களின் குளிர்ப் பெட்டிகளுக்குச் சொந்த எந்திரம் கிடையாது. பெட்டியின் முகப்பில் இரண்டு வட்டத் துளைகள் மட்டும். கப்பலின் குழாய் அதில் பொருந்திக் குளிர்க்காற்றை ஊதும். அருமையான ஏற்பாடு. ஆனால் அத்தகைய கப்பல் பெரிய துறைமுகங்களில்தான் நிற்கும். போர்ட் ஹியூவானின் மரத்துறைக்கு அது வராது. பாஸ் நீரிணையைத் தாண்டி மெல்போர்னுக்குப் பழத்தைக் கொண்டுபோக வேண்டுமென்றால் இன்னொரு செலவு. கப்பல் கம்பெனிகள் கூட்டாக வாடகையை நிர்ணயிக்கும் 'கான்ஃபரன்ஸ்' முறையில் அதுவும் ஏறிக்கொண்டே போனது.

ஆப்பிள் மரங்களைப் பிடுங்குவதற்குப் பணம் கொடுக்கும் மத்திய அரசின் சட்டம் 1972லேயே வந்துவிட்டது. பிரிட்டன் பொதுச் சந்தையில் சேர்வதற்கு முன்பே! 1973 வந்தது கடைசி அடியாக. நூற்றுக்கணக்கான குடும்பங்கள் விண்ணப்பித்தன. அந்த மரங்கள் புல்டோசரால் சாய்க்கப்பட்டு, குவித்து எரிக்கப்பட்டன. தாத்தா நட்டதைப் பேரன் எரித்தான். அந்த மண்ணில் பல இடங்களில், புழுவுக்காகப் பல பத்தாண்டுகள் தெளித்த ஈய ஆர்சனேட்டின் நஞ்சு இன்னும் தங்கியிருக்கிறது.

1973தான் முழுக் காரணம் என்றால், நியூசிலாந்தும் அதே நாளில் விழுந்திருக்க வேண்டும். விழவில்லை. நான் நேப்பியரிலும் நெல்சனிலும் ஏற்றிய பெட்டிகளே அதற்குச் சாட்சி. 1967 நவம்பரில் பவுண்டோடு நியூசிலாந்தும் தன் டாலரைக் குறைத்தது, பவுண்டைவிடவும் அதிகமாக. 1948 முதல் அங்கே ஒரே வாரியம் எல்லாத் தோட்டக்காரரின் பழத்தையும் வாங்கி ஏற்றுமதி செய்தது. கப்பல் வாடகை பேசியதும் அதுதான். அழுகலின் நஷ்டம் தனி ஒருவர் தலையில் விழவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, அவர்கள் புதுப் பழம் வைத்திருந்தார்கள். ஜே. எச். கிட் என்ற தோட்டக்காரர் 1930களில் ஒட்டிய கலப்பிலிருந்து காலாவும், அதிலிருந்து ராயல் காலாவும் வந்தன. நெல்சன் பக்கத்தில் 1950களில் தற்செயலாகக் கிடைத்த மரத்திலிருந்து பிரேபர்ன் வந்தது. வேறெங்கும் கிடைக்காத ரகம் என்றால் வரியையும் வாடகையையும் தாங்கும். ஸ்டர்மரால் தாங்க முடியவில்லை. அந்த வாரியத்தின் ஏகபோகமும் 2001ல் முடிந்தது. அதற்குப் பின் அங்கும் சிறு தோட்டக்காரர்கள் அடிபட்டார்கள்.

ஹியூவானில் இன்று செர்ரி விளைந்து விமானத்தில் ஆசிய நகரங்களுக்குப் போகிறது. ஆற்று முகத்தில் சால்மன் மீன் வளர்க்கும் வலைக்கூண்டுகள். குரோவ் என்ற ஊரில் ஆப்பிள் அருங்காட்சியகமும் சைடர் கூடமும் இருக்கின்றன. மிஞ்சிய தோட்டங்கள் பெரும்பாலும் மெல்போர்ன், சிட்னி கடைகளுக்கே அனுப்புகின்றன.

கண்டத்தின் மறுகோடியில், மேற்கு ஆஸ்திரேலியாவில், ஜான் கிரிப்ஸ் என்ற ஆராய்ச்சியாளர் கோல்டன் டெலிஷியஸையும் லேடி வில்லியம்ஸையும் கலந்தார். அதுவும் 1973ல்தான். 'பிங்க் லேடி' என்ற வணிகப் பெயரில் ஐரோப்பியக் கடைகளெங்கும் விற்பது அந்தப் பழம். ஆனால் அங்கே விற்பதில் பெரும்பகுதி பிரான்ஸ், இத்தாலி, ஸ்பெயின் தோட்டங்களில் விளைந்து, லாரியில் கடைக்கு வருகிறது.