சுருதி காட்டும் முள்

வயலின் தலையில் கவ்வி நிற்கும் அந்தக் குட்டி ட்யூனரைச் சபா மேடைகளில் இப்போது சாதாரணமாகப் பார்க்கலாம். தந்தியை மீட்டினால் முள் நடுவுக்கு வரும், பச்சை விளக்கு எரியும், பிருடையிலிருந்து கையை எடுத்துவிடலாம். காதின் வேலையைக் கண்ணுக்கு மாற்றிக் கொடுத்த இந்தச் சாமானின் பூர்வீகத்தைக் கிளறினால் ஒரு வேடிக்கை தெரிகிறது. இதை வளர்த்துவிட்டவர்களில் சங்கீதக்காரர்கள் குறைவு. ஒரு பட்டு உற்பத்தியாளர், சுருதி ஞானம் இல்லாத ஓர் அறிஞர், ஒரு நைட் கிளப் முதலாளி என்று வரிசை எங்கெங்கோ போகிறது.

முதல் ஆள் மட்டும் அசல் வித்வான். ஜான் ஷோர் இங்கிலாந்து அரசவையில் டிரம்பெட் ஊதியவர், லூட்டும் வாசித்தவர். லூட்டுக்குக் குடல் நரம்புத் தந்திகள். காற்றில் ஈரம் மாறினால் சுருதியும் மாறிவிடும். 1711-இல் அவர் இரண்டு பற்கள் உள்ள ஓர் உலோகக் கவையைச் செய்தார். நாம் பள்ளி ஆய்வகத்தில் ரப்பர் சுத்தியால் தட்டிப் பார்த்த அதே இசைக்கவைதான். எத்தனை முறை தட்டினாலும் ஒரே ஒலி. சட்டைப் பையிலும் அடங்கும்.

ஆனால் கவை தன் ஒலியைத்தான் காக்கும், ஊருக்குப் பொதுவான ஒலியை அல்ல. இசையமைப்பாளர் ஹாண்டலுடையது என்று அறியப்படும் 1751-ஆம் ஆண்டுக் கவையில் ‘ஏ’ என்ற சுரம் 422.5 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பீத்தோவனுடையது என்று சொல்லப்படும் கவையில் அதே சுரம் 455-ஐத் தொடுகிறது. நம் கணக்கில் அரைக்கட்டைக்கும் மேற்பட்ட வித்தியாசம். ஒரே பாட்டை இரண்டு ஊரில் பாடும் பாடகிக்குத் தொண்டை என்ன பாடுபட்டிருக்கும்! வாத்தியங்கள் பளிச்சென்று கேட்கவேண்டும் என்ற போட்டியில் சுருதி ஏறிக்கொண்டே போக, 1859-இல் பிரெஞ்சு அரசு தலையிட்டு 435 என்று சட்டமே போட்டது. அதற்கான குழுவில் இசையமைப்பாளர்கள் ரோசினியும் பெர்லியோஸும் இருந்தார்கள்.

இந்த எண்களை யார், எப்படி அளந்தார்கள்? இங்கேதான் பட்டுக்காரர் வருகிறார். ஜெர்மனியின் கிரெஃபெல்ட் நகரம் பட்டு நெசவுக்குப் பேர்போனது. அங்கே பட்டு உற்பத்தி செய்துவந்த யோஹான் ஹைன்ரிக் ஷைப்லருக்கு நம் மோர்சிங்கின் ஐரோப்பிய உறவான வாய்வாத்தியத்தில் பித்து. பல மோர்சிங்குகளை ஒன்றாகக் கோத்து ஒரு புது வாத்தியமே செய்தவர். அவற்றைச் சுருதி சேர்க்கும் தொல்லைதான் அவரை அளவையியலுக்கு இழுத்து வந்தது.

அவருடைய முறை அழகானது, கொஞ்சம் நின்று பார்க்கலாம். கிட்டத்தட்ட ஒரே சுருதியுள்ள இரண்டு ஒலிகளைச் சேர்த்து ஒலித்தால் ‘வௌ… வௌ…’ என்று ஓர் அலை எழும். தம்பூராவில் மணிக்காயை நகர்த்தும்போது நாம் கேட்டு அடக்குவது அதைத்தான். இயற்பியலில் விம்மல் என்பார்கள். வினாடிக்கு நான்கு விம்மல் என்றால் இரண்டு ஒலிகளுக்கும் வித்தியாசம் 4 ஹெர்ட்ஸ். ஷைப்லர் 56 கவைகளை வரிசையாக அடுக்கினார். ஒவ்வொன்றும் முந்தையதைவிட நான்கு விம்மல் மேலே, கடைசிக் கவை முதல் கவைக்குச் சரியாக மேல்ஸ்தாயி. இடைவெளிகள் 55. ஐம்பத்தைந்து நான்குகள் 220. மேல்ஸ்தாயி என்றால் இரட்டிப்பு என்பதால், கீழே இருப்பது 220, மேலே இருப்பது 440. வெளியிலிருந்து எந்த அளவுகோலும் தேவைப்படவில்லை. எண்ணத் தெரிந்த காதும் நேரம் காட்டும் ஊசலும் போதும். 1834-இல் அவர் ‘ஏ’ 440 ஆக இருக்கட்டும் என்று முன்மொழிந்தார். அப்போது உலகம் அதைப் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஷைப்லரின் வழியில் கவைகளைச் சேர்த்து, பழைய கவைகளையும் ஆர்கன்களையும் அளந்து குவித்தவர் லண்டன் அறிஞர் அலெக்சாண்டர் எல்லிஸ். அரைக்கட்டையை நூறு பங்காக்கி ‘சென்ட்’ என்று அவர் வகுத்த அளவில்தான் இன்றும் ட்யூனரின் முள் நகர்கிறது. ஜாவா, சயாம், இந்தியா என்று பல நாட்டு வாத்தியங்களை அளந்து 1885-இல் அவர் வெளியிட்ட கட்டுரை, உலகத்துச் சுரவரிசைகள் எல்லாம் ஒன்றல்ல என்று ஐரோப்பாவுக்கு எடுத்துக் காட்டியது. இத்தனைக்கும் எல்லிஸுக்குக் காது சுகமில்லை, சுரபேதம் பிடிபடாது. பியானோ நிபுணர் ஹிப்கின்ஸ் கூட இருந்து காதாக உதவினார். காது கைகொடுக்காதவர் எண்களைப் பிடித்துக்கொண்டது இயல்புதான் என்று எனக்குத் தோன்றும்.

அடுத்த தாவல் அமெரிக்காவுக்கு. இந்தியானா மாநிலத்தின் எல்கார்ட்டில் சாக்ஸபோனும் டிரம்பெட்டும் செய்துவந்த கான் நிறுவனம் 1936-இல் ‘ஸ்ட்ரோபோகான்’ என்ற பெட்டியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட தட்டுகள், சுரத்துக்கு ஒன்றாகப் பன்னிரண்டு, கணக்கான வேகத்தில் சுழலும். மைக்கில் வாசித்தால் அந்த ஒலியின் அதிர்வுக்கு ஏற்ப விளக்கு மின்னும். சுருதி சரியாக இருந்தால் சுழலும் தட்டு நின்றதுபோல் தெரியும். ஏறினால் கட்டங்கள் ஒரு பக்கம் ஊரும், இறங்கினால் மறுபக்கம். வேகத்தைக் காவல் காத்தது யார் தெரியுமா? உள்ளே ஓர் இசைக்கவை. ஷோரின் சரக்கு மின்சாரத்துக்குள் குடிபுகுந்துவிட்டது. பின்னாளில் குவார்ட்ஸ் கடிகாரத்துக்குள்ளும் அதுவே போனது. உங்கள் கைக்கடிகாரத்தில் வினாடிக்கு 32,768 முறை அதிரும் படிகம், பெரும்பாலும் கவை வடிவத்தில் வெட்டியதுதான்.

சரி, 440 எப்படி ஜெயித்தது? 1939 மே மாதம் லண்டனில் கூடிய சர்வதேச மாநாடு அதை ஏற்றது. இங்கிலாந்தில் அதுவரை 439 புழங்கியது. அதையே வைத்துக்கொள்ள ஒரு தடை. வானொலிக்காரர்கள் படிகத்திலிருந்து பத்து லட்சம் அதிர்வுகளை எடுத்து, ஆயிரத்தால் வகுத்து, 11-ஆல் பெருக்கி, 25-ஆல் வகுத்தால் கச்சிதமாக 440 கிடைக்கும். 439 பகா எண். இப்படிப் பெருக்கி வகுத்துப் பிடிக்க வழியில்லை. உலகமே வயலினைக் கூட்டும் சுருதிக்குப் பின்னால் ஐந்தாம் வகுப்புக் கணக்கு ஒன்று இருக்கிறது.

ஸ்ட்ரோபோகான் தூக்க முடியாத கனம், விலையும் அப்படியே. அதைக் கைக்குள் கொண்டுவந்தது டோக்கியோ. நைட் கிளப் நடத்திய ட்சுடோமு காட்டோவிடம் அக்கார்டியன் வாசித்தவர் தடாஷி ஒசனாய். தாளத்துக்கு அமெரிக்க ‘சைட்மேன்’ இயந்திரத்தை வைத்துக்கொண்டு வாசித்தவருக்கு, இதைவிட நன்றாக நம்மால் செய்ய முடியாதா என்ற எண்ணம் வந்தது. முதலாளி பணம் போட்டார். 1963-இல் அவர்களுடைய தாள இயந்திரம் பிறந்தது. நிறுவனம் பிறகு கோர்க் ஆயிற்று. சிந்தசைசருக்காக ஒலியின் சுருதியைக் கண்டுபிடிக்கும் மின்சுற்றுகளோடு மல்லுக்கட்டிய அதே இடத்திலிருந்து 1975-இல் வந்தது டபிள்யூடி-10, பாட்டரியில் ஓடும் முள் ட்யூனர். அப்புறம் போட்டியாளர்கள் சும்மா இருப்பார்களா? முள் எல்.இ.டி. ஆனது, கிதார்காரர் காலால் மிதிக்கும் பெடல் ஆனது.

நம் பக்கத்துக் கதை பெங்களூரில் ஓடியது. ஆர்மோனியம் பிரான்சிலிருந்து கல்கத்தா வழியாக இந்தியாவில் பரவியபோதே அதன் வெள்ளைக் கட்டைகள் நம் ‘ஒரு கட்டை’, ‘ஐந்து கட்டை’ கணக்கைத் தந்துவிட்டன. துருத்தி ஊதும் சுருதிப்பெட்டியும் அந்தக் குடும்பம்தான். பொறியாளரும் புல்லாங்குழல் கலைஞருமான ஜி. ராஜ் நாராயண் 1979 வாக்கில் மின்னணுத் தம்பூராவைக் கொண்டுவந்தார். அவருடைய ராடெல் நிறுவனத்தின் பெட்டிகள் வீடுதோறும் முனக ஆரம்பித்தன. இங்கே ஒரு சிக்கல். ட்யூனருக்குத் தெரிந்தது ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்காக்கிய மேற்கத்திய ஏற்பாடு. அதில் பஞ்சமம் 700 சென்ட். காதுக்கு இதமான சுத்த பஞ்சமம் 702. ஒரு கட்டையில் தம்பூரா ஓட, வயலின் பஞ்சமத்தைப் பச்சை விளக்கு எரியும் இடத்தில் நிறுத்தினால், கூர்ந்து கேட்பவருக்கு ஏறக்குறைய வினாடிக்கு ஒரு விம்மல் கேட்கும். அதனால்தான் பலர் ஷட்ஜத்துக்கு மட்டும் முள்ளைப் பார்த்துவிட்டு, பஞ்சமத்தைக் காதிடம் விட்டுவிடுகிறார்கள். அதுதான் சரி என்பது என் கட்சி.

கவ்வும் ட்யூனர் வந்ததும் மேடைச் சத்தம் ஒரு பிரச்னையாக இல்லாமல் போனது. அது மைக்கை நம்புவதில்லை, மரத்தின் அதிர்வைப் பீசோ வில்லையால் வாங்கிக்கொள்கிறது. பக்கத்தில் தவிலே வாசித்தாலும் பெரும்பாலும் கவலையில்லை. சீக்கிரமே நகல்கள் குவிந்து, விலை சில நூறு ரூபாய்க்கு இறங்கியது. இதற்கிடையில் எண்ணெய்த் துறையிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். பூமிக்கடியில் அதிர்வலைகளை அனுப்பி, திரும்பிவரும் எதிரொலியை அலசி எண்ணெய் தேடும் கணிதத்தில் கைதேர்ந்த ஆண்டி ஹில்டபிராண்ட், அதே வித்தையைக் குரலுக்குத் திருப்பி 1997-இல் ‘ஆட்டோ-ட்யூன்’ வெளியிட்டார். ட்யூனர் தப்பைக் காட்டியது. இது தப்பைத் திருத்தியே கொடுத்துவிட்டது.

இன்று செல்போனில் ஆப்பைத் திறந்தால் 440 தெரியும். பழைய ஐரோப்பிய இசைக்குழுக்களுக்காக 415, இன்றைய பல இசைக்குழுக்களுக்காக 442 என்று அதை மாற்றலாம். சில ஆப்களில் சுத்த சுரங்களுக்கான தேர்வும் உண்டு. அதைப் போட்டால் பஞ்சமம் இரண்டு சென்ட் ஏறும், அந்தரகாந்தாரம் 14 சென்ட் இறங்கும், தம்பூராவோடு ஒட்டும். ஆனால் தோடியின் காந்தாரத்தைக் கமகத்தோடு அதன் முன்னால் பாடிப் பாருங்கள். ரிஷபத்தின் பெயர், காந்தாரத்தின் பெயர், மத்திமத்தின் பெயர் என்று மாற்றி மாற்றிக் காட்டிவிட்டு, எதிலும் பச்சை விளக்குப் போடாமல் திணறும்.