சித்தப்பா இருக்க பயமேன்?

வேலை கிடைப்பது திறமையாலா, உறவாலா? பினாங்கு வரலாற்றைப் புரட்டினால் சுவையான விடை கிடைக்கும்.

1805இல் கிழக்கிந்தியக் கம்பெனி பினாங்கை மதராஸ், பம்பாய்க்கு இணையான மாகாணமாக உயர்த்தியது. முதல் ஆளுநர் பிலிப் டண்டாஸ். யார் இவர்? கம்பெனியைக் கண்காணித்த வாரியத்துக்கு 1801 வரை தலைவராக இருந்த ஹென்றி டண்டாஸின் அண்ணன் மகன்!

ஹென்றியை ஸ்காட்லாந்தின் முடிசூடா மன்னர் என்பார்கள். பதவிகளை வழங்கியே ஆட்களைத் தம் பிடியில் வைத்திருந்தவர். சூழ்ச்சிக்காரர் உறவினரை நாற்காலியில் உட்கார வைப்பது பாசத்தால் மட்டுமல்ல. உட்கார்ந்தவர் எதிர்த்துப் பேசமாட்டார் என்பதாலும்தான். அது உதவியல்ல, தீராத கடன்!

இதில் பெறுபவருக்கும் நட்டமுண்டு. பிலிப்புக்குக் கப்பல் பணியில் அனுபவம் இருந்தது. ஆனால் 200 ஆண்டுகள் கழித்தும் 'இன்னாரின் உறவினர்' என்பதே முந்தி நிற்கிறது. அவர் 1807இல் இறந்தார். செலவு தாங்காமல் 1830இல் அந்த மாகாணமே கலைக்கப்பட்டது.

இந்தச் சிபாரிசுக்கு முடிவு கட்டியது எது? வேண்டியவர்களுக்கு வேலை தரும் கம்பெனி இயக்குநர்களின் உரிமையை 1853ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. 1855இல் போட்டித் தேர்வு வந்தது.

தேர்வுத் தாளுக்குச் சித்தப்பா கிடையாதே!