காட்டிலாகாவின் கீழ்ப்படிகள்

ஆனைமலையில் டாப்ஸ்லிப்புக்குப் போகிறவர்கள் ஹியூகோ வுட் கல்லறையைப் பார்க்காமல் திரும்புவதில்லை. கப்பல்களின் தேவைக்காக மொட்டையடிக்கப்பட்ட மலையில் மீண்டும் தேக்கை வளர்த்த வெள்ளைக்கார அதிகாரி அவர். நடக்கும்போது கைத்தடியால் மண்ணைக் குத்தி, சட்டைப்பையிலிருந்து தேக்கு விதையை எடுத்துப் போட்டுக்கொண்டே போவார் என்று ஊரில் ஒரு கதை உண்டு. கதை அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஒரு கைத்தடியால் மலை முழுக்கத் தேக்கு முளைத்துவிடாது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கேப்டன் மைக்கேல் பம்பாய்க் கப்பல் தளத்துக்காக மரம் வெட்டத் தொடங்கியபோதும் சரி, 20ஆம் நூற்றாண்டில் வுட் மறுநடவு செய்தபோதும் சரி, மரம் இருக்கும் இடத்தைக் காட்டியவர்களும் யானையைக் கொண்டு மரத்தை இழுத்தவர்களும் அந்த மலையின் பழங்குடிகளான காடரும் மலசரும்தான். அவர்களில் ஒருவருக்கும் கல்லறை வாசகம் கிடையாது. இது நன்றி மறந்த கதை மட்டும் என்றால் ஒரு நினைவுத்தூண் எழுப்பி முடித்துவிடலாம். வனத்துறை என்ற அமைப்பு கட்டப்பட்ட விதமே காட்டை அறிந்தவரைக் கடைசிப் படியில் நிறுத்தியது. அந்த ஏணி இன்னும் பெரிதாக மாறவில்லை என்பதே என் வாதம்.

ஏணி எப்படிச் செய்யப்பட்டது என்று பார்ப்போம். 1864இல் ஜெர்மானியரான டீட்ரிச் பிராண்டிஸ் தலைமையில் இந்திய வனத்துறை உருவானது. மேல்பதவிக்கு வரும் இளைஞர்கள் முதலில் பிரான்சின் நான்சியிலும் ஜெர்மனியிலும், 1885 முதல் இங்கிலாந்தின் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியிலும் பயின்று வந்தார்கள். இந்தியர்களுக்காக 1878இல் டேராடூனில் ஒரு பள்ளி தொடங்கப்பட்டது. அது ரேஞ்சர்களை, அதாவது வனச்சரகர்களை, உருவாக்குவதற்கானது. கோயம்புத்தூரில் 1912இல் வந்த கல்லூரியும் அதே படிக்கானதுதான். ஆக, ஐரோப்பாவில் படித்தவர் அதிகாரி, ஊரில் பள்ளிக்கூடம் போன இந்தியர் ரேஞ்சர், காட்டிலேயே பிறந்து வளர்ந்தவர் கூலி. மூவரில் எவருக்கு எந்த மரம் எந்த மாதத்தில் பூக்கும் என்று தெரியும் என்ற கேள்வி இந்த அடுக்கில் எங்கும் எழவில்லை.

சட்டம் இதற்குத் துணை வந்தது. 1871 வாக்கில் சென்னை வருவாய் வாரியமே, இம்மாகாணக் காடுகள் ஏதோ ஒரு கிராமத்தின் எல்லைக்குள் வருபவை, அங்கெல்லாம் மக்களுக்கு உரிமை உண்டு என்று வாதிட்டது. அரசு அதிகாரிகளே இப்படிச் சொன்னார்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆனால் 1882இல் சென்னை வனச் சட்டம் வந்தபோது வென்றது காடு அரசுக்கே என்றவர்களின் தரப்பு. நேற்றுவரை உரிமையாக இருந்த தேன், விறகு, மேய்ச்சல் எல்லாம் சலுகையாகவோ குற்றமாகவோ மாறின. உரிமையை இழந்தவர்கள் பிழைப்புக்காக அதே துறையில் தினக்கூலியாகச் சேர்ந்தார்கள். இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொள்ளாமல் இன்று வனப்பணியில் பன்முகத்தன்மை பற்றிப் பேசினால் அது தர்ம காரியம்போலத் தோன்றும்.

யானை முகாமைப் பார்த்தால் விஷயம் பளிச்சென்று தெரியும். முதுமலைத் தெப்பக்காட்டிலும் ஆனைமலைக் கோழிகமுத்தியிலும் ஒரு யானைக்குப் பாகன் ஒருவர், அவருக்குக் கீழே காவடி ஒருவர். தழை வெட்டிவருவது, ஆற்றில் தேய்த்துக் குளிப்பாட்டுவது, வேகவைத்த ராகியையும் கொள்ளையும் உருண்டை பிடித்து வாயில் வைப்பது எல்லாம் காவடியின் வேலை. மதம் ஏறுகிறதா என்பதைக் கன்னத்தில் நீர் வடியும் முன்பே நடையை வைத்துச் சொல்லிவிடுவார் நல்ல பாகன். முதுமலையில் குறும்பரும் காட்டுநாயக்கரும், ஆனைமலையில் மலசரும் தலைமுறைகளாகச் செய்துவரும் வேலை இது. 2021 அக்டோபரில் முதுமலையில் டி23 என்று பெயரிடப்பட்ட புலி மூன்று வாரத் தேடலுக்குப் பிறகு மயக்க ஊசி போட்டுப் பிடிக்கப்பட்டது. ட்ரோனும் தானியங்கி கேமராவும் இருந்தும் காலடித் தடம் பார்க்கப் பழங்குடியினரைத்தான் முன்னே நடக்கவிட வேண்டியிருந்தது. ஆனால் பாகனுக்கு மேலே அடுத்த படி எது? வனவரா, வனச்சரகரா? இரண்டும் இல்லை. 2023இல் பாகன்களைப் பயிற்சிக்குத் தாய்லாந்துக்கு அனுப்ப அரசு செலவு செய்தது. விமானப் பயணம் கிடைத்தது, பதவி உயர்வுக்கு வழி கிடைக்கவில்லை. அதே ஆண்டு ஆஸ்கர் வாங்கிய ஆவணப்படத்தின் பெள்ளி, தமிழ்நாட்டின் முதல் பெண் காவடியாக நியமிக்கப்பட்டார். தாயில்லாக் குட்டிகளை அவர் வளர்த்துக் கரைசேர்த்தது அதற்குப் பல ஆண்டுகள் முன்பே. மேல்படியிலும் பெண்களுக்கு இதே கதைதான்: 1966இல் உருவான இந்திய வனப்பணிக்குள் பெண்கள் நுழைய 1980 ஆனது.

இங்கே எதிர்வாதம் உண்டு. வனமேலாண்மை ஒரு அறிவியல்; தடம் பார்க்கத் தெரிந்தவரெல்லாம் செயல்திட்டம் எழுத முடியுமா என்று கேட்பார்கள். எழுத முடியாமல் போகலாம், கற்றுக்கொடுத்தால் முடியும். தடம் பார்க்கும் அறிவைத் தொழில்தகுதியாக ஏற்று அமைப்பு கட்டினால் என்ன நடக்கும் என்பதற்குச் சான்று சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. பாம்புத்தோல் விற்றுப் பிழைத்த இருளர்கள் 1972 வனவிலங்குச் சட்டத்தால் வருமானம் இழந்தார்கள். 1978இல் பாம்பு ஆய்வாளர் ரோமுலஸ் விட்டேக்கர் துணையுடன் அவர்களுக்கென ஒரு கூட்டுறவுச் சங்கம் உருவானது. கடப்பாரையால் எலி வளையைத் தோண்டி நாகத்தையும் விரியனையும் பிடிக்கிறார்கள், வடநெம்மேலியில் விஷம் எடுக்கிறார்கள், சில வாரங்களில் காட்டிலேயே விட்டுவிடுகிறார்கள். நாட்டின் விஷமுறிவு மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி அங்கிருந்துதான் போகிறது. அச்சங்கத்தைச் சேர்ந்த வடிவேல் கோபாலும் மாசி சடையனும் 2017இல் மலைப்பாம்பு பிடிக்கப் புளோரிடா போனார்கள். 2023இல் பத்மஸ்ரீ பெற்றார்கள். சட்டம் குற்றமாக்கிய அதே திறமையை இன்னொரு ஏற்பாடு தொழிலாக்கியது.

இரண்டாவது வாதம் கடுமையானது: காட்டு மக்களே கடத்தலுக்குத் துணைபோகவில்லையா? சிலர் போனார்கள். ஆனால் அந்தச் சந்தேகத்தை ஒரு ஊர் முழுக்கப் பூசினால் என்ன ஆகும் என்று வாச்சாத்தி காட்டிவிட்டது. 1992 ஜூன் 20இல் சந்தன மரம் தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறை ஊழியர்கள் அந்த மலையடிவாரக் கிராமத்தைச் சூறையாடினார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் 269 பேர். 2011இல் தீர்ப்பு வந்தபோது 54 பேர் இறந்துபோயிருந்தார்கள்; மீதி 215 பேருக்கும் தண்டனை. சென்னை உயர் நீதிமன்றம் அதை 2023இல் உறுதிசெய்தது. அந்த ஊழியர்களில் பலரும் சாமானியக் குடும்பத்துப் பிள்ளைகளாகவே இருந்திருப்பார்கள். ஆகவே சீருடைக்குள் இருக்கும் முகத்தை மாற்றினால் மட்டும் போதும் என்று நான் நம்பவில்லை. காட்டில் யார் உரிமையாளர், யார் அத்துமீறுபவர் என்ற முடிவு ஒரு துறையின் கையில் மட்டும் இருக்கக் கூடாது. 2006 வன உரிமைச் சட்டம் அந்த அதிகாரத்தில் ஒரு பங்கைக் கிராமசபைக்குக் கொடுத்தது. ஆனால் தமிழ்நாட்டில் நீதிமன்றத் தடையால் பட்டா வழங்குவது 2016வரை முடங்கிக் கிடந்தது.

மூன்றாவது வாதத்தைப் பழங்குடி இளைஞர்களே எழுப்பக்கூடும்: மலசர் மகன் ஏன் பாகனாகவே இருக்க வேண்டும்? நியாயமான கேள்வி. யானையும் தடமும்தான் உங்களுக்கு என்று சொல்வது புகழ்ச்சி உடுத்த பூட்டு. ஆனால் இன்று பூட்டு வேறு இடத்திலும் இருக்கிறது. பழங்குடியினருக்கு மாநிலத்தில் இருக்கும் ஒதுக்கீடு 1 சதவீதம். எழுத்துத் தேர்வில் தேறி அந்த இடத்தைப் பிடிக்க, பள்ளிக்கூடம் எட்டாத செட்டில்மென்ட்டிலிருந்து வரும் காடர் பெண்ணுக்கு என்ன வாய்ப்பு? அவள் அண்ணன் வேட்டைத் தடுப்புக் காவலராக மழைக்காலம் முழுக்க ரோந்து போகிறான், தொகுப்பூதியத்தில். அந்த வேலையையும் தனியார் முகமைக்கு விடும் முயற்சியை எதிர்த்து அவர்கள் போராட வேண்டியிருந்தது.

செய்ய வேண்டியது பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. காவலர்களாக உழைத்த ஆண்டுகளை நிரந்தரப் பணிக்குக் கணக்கில் எடுக்க வேண்டும். வனவர், வனச்சரகர் தேர்வில் களத்திறனுக்கு மதிப்பெண் வேண்டும். பாகனும் காவடியும் பணியிலிருந்தபடியே கோவையில் வனவியல் படித்து மேலே ஏற இடம் ஒதுக்க வேண்டும். இவற்றுக்குப் புதிய சட்டம் தேவையில்லை, பணி விதிகளைத் திருத்தும் அரசாணை போதும்.