கண்டிச் சீமையில் வைசூரி: ஒரு வரலாற்றுக் குறிப்பு

கண்டி நாட்டுக்கு வைசூரி எனும் பெரியம்மையைக் கொணர்ந்தோர் தென்னிந்தியத் தொழிலாளரே என்னும் கருத்து, குடியேற்றகால நிருவாகத்தினரிடையே வேரூன்றியிருந்தது. இக்கருத்தை நாம் மீளாய்வு செய்தல் வேண்டும்.

1830களிற் கண்டி மலைகளிற் கோப்பிச் செய்கை பரவியபோது, தொழிலாளர் மன்னாரிலிருந்து மாத்தளை வழியாகக் கால்நடையாக வந்தனர். பசியாலும் வாந்திபேதியாலும் வைசூரியாலும் வழியிலேயே பலர் மாண்டனர். பிற்காலத்தில், மண்டபம் முகாமில் தடுத்துவைத்து அம்மைப்பால் குத்திய பின்னரே அவர்கள் கப்பலேற்றப்பட்டனர். உடலிற் கொப்புளம் உண்டா என்பதே அவர்களை அளக்கும் கோலாயிற்று.

ஆயின், கரையோரத்தில் ஆங்கிலேயர் அம்மைப்பால் குத்தத் தொடங்கியது 1802இலாகும். கோப்பித் தோட்டங்களுக்கு ஒரு தலைமுறை முன்னரே இத்தீவு அந்நோயை அறிந்திருந்தது என்பதற்கு இது சான்று. கண்டி மன்னர் காலந்தொட்டு நிலைபெற்றுள்ள பத்தினி தேவாலயமும் இவ்விடத்து நோக்கத்தக்கது. அம்மை நோய்களைத் தணிப்பவளாகச் சிங்கள மக்கள் வழிபடும் பத்தினி, நம் கண்ணகியே. தோட்டத்து மக்களோ கொப்புளங்களை 'முத்து' என்றழைத்து மாரியம்மனுக்கு வேப்பிலை சாத்தினர். ஒரே நோயை இரு மக்களும் தாய்த்தெய்வத்தோடு இணைத்தே நோக்கினர். அதனை வந்தேறியின் குற்றமாக்கியது தோட்டப் பொருளாதாரமேயாகும்.

பெரியம்மை உலகினின்றும் ஒழிந்ததென 1980இல் அறிவிக்கப்பட்டது. வறுமையும் நெடுவழியும் விளைத்த சாவுக்கு மாண்டவரையே பொறுப்பாக்கும் வரலாற்றுப் பார்வையும் ஒழிதல் வேண்டும்.